பின்பெட்டிச் சந்தை: வேண்டாப் பொருளை விற்கப் புகுவார்க்குச் சில குறிப்புகள்

பொருளை ஈட்டும் வகையைப்பற்றியும், ஈட்டியதைக் காக்கும் வகையைப்பற்றியும் நம் முன்னோர் நிரம்பப் பேசியிருக்கின்றனர். ஈட்டிய பொருள் வீட்டின் மூலைகளையெல்லாம் நிறைத்து, எடுத்தாள்வார் இன்றிக் கிடக்குங்கால் அதனை யாது செய்வது என்பதுபற்றி அவர் பேசியது குறைவு. அவர்க்கு அவ்விடர்ப்பாடு பெரிதும் இருந்திலது. நமக்கு இருக்கின்றது. சிறப்பாக, கடல் கடந்து பிரித்தானியாவிற் குடியேறிய எம் பழைய மாணவர்க்கு அது ஆண்டுக்காண்டு பெரிதாகி வருகின்றது.

1983ஆம் ஆண்டின் பின்னர் முப்பது வயதில் இலண்டனை அடைந்தவர் இன்று எழுபதைக் கடந்துவிட்டனர். ஹரோ, வெம்பிளி, ரூட்டிங், ஈஸ்ட்ஹாம் முதலிய பகுதிகளில் அவர் வாங்கிய வீடுகளிற் பிள்ளைகள் வளர்ந்தனர், படித்தனர், தத்தம் தொழிலை நோக்கிப் பிரிந்தனர். மாடிப்படி ஏறி இறங்க முழங்கால் இடந்தராதபோது பெரிய வீட்டை விற்றுச் சிறிய வீட்டிற்குப் போகவேண்டியதாகின்றது. சிலவிடத்து வீட்டுக்குரியார் மறைய, அம்மையார் ஒருவரே நாற்பது ஆண்டுப் பொருள்களின் நடுவே நிற்கின்றார். நாம் இலண்டனில் ஒரு கோடையைக் கழித்தபோது, எம் பழைய மாணவர் சிலர் இத்தகைய வீட்டுப்பொருள்களை ஞாயிறுதோறும் சந்தையில் விற்று, வந்த பணத்தைக் கல்லூரி நிதிக்குச் சேர்த்தமையை உடனிருந்து கண்டோம். ஆண்டுக் கண்டனவும் கேட்டறிந்தனவும் முதன்முறை செல்வார்க்குப் பயன்படும் என்னுங் கருத்தினால் ஈண்டு எழுதப்படுகின்றன.

இச்சந்தையை ஆங்கிலத்திற் 'கார் பூட் சேல்' என்பர். மோட்டார் வண்டியின் பின்புறத்தே பொருள் வைக்கும் பெட்டியை நம் நாட்டில் 'டிக்கி' என்கின்றோம். ஆங்கிலேயர் 'பூட்' என்பர். குதிரைவண்டி ஓடிய காலத்தில் மூட்டைமுடிச்சு வைக்கும் இடத்திற்கு வழங்கிய அப்பெயர், குதிரை போனபின்பும் போகாது நின்றுவிட்டது. காலணிக்கும் அதுவே பெயராதலின், புதிதாகச் சென்ற நண்பர் ஒருவர் இதனைச் சப்பாத்துச் சந்தை என்றே நெடுநாள் எண்ணியிருந்தாராம். நாம் 'பின்பெட்டிச் சந்தை' எனத் தமிழாக்கிக்கொள்வோம். ஒரு வயலிலோ திடலிலோ மோட்டார் வண்டிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் பின்னும் ஒரு மேசை. மேசையின் பின்னே வீட்டுக்காரர். மேசைமேல் அவர் வீட்டுக் கோப்பை, புத்தகம், விளையாட்டுப்பொருள், உடுப்பு. அவ்வளவே.

இது பிரித்தானியாவில் மிகப் பழைய வழக்கமன்று. ஸ்ரொக்போட் நகரத்துக் கத்தோலிக்க குருவாகிய ஹரி கிளார்க் அடிகளார், 1970களின் தொடக்கத்தில் விடுமுறைக்குக் கனடா சென்றவிடத்து இத்தகைய விற்பனையைக் கண்டு, திரும்பியபின் அறப்பணிக்கு நிதி திரட்டும்பொருட்டு இதனைத் தொடங்கினார் என்பர். அறத்துக்கெனத் தொடங்கியது பின்னர் ஊர்தோறும் பரவலாயிற்று. மேற்கிலண்டனிலே சிசிக் பாடசாலை வளவில் மாதத்தின் முதல் ஞாயிறன்று பெற்றோர் நடத்தும் சந்தை பேர்பெற்றது. அதன் வருவாய் பாடசாலைக்கே சேர்வது. பழைய மாணவர் சங்கத்தார் கருதிப்பார்க்கத்தக்க முன்மாதிரி அது. இனி, இங்கிலாந்தின் நிலப்பயன்பாட்டு விதிகளின்படி, தனி அனுமதி பெறாத நிலமொன்றில் ஆண்டுக்கு 14 நாள்கள்வரையே சந்தை கூட்டலாம். ஆதலாற் சில வயல்களில் ஒரு ஞாயிறு விட்டு மறு ஞாயிறே சந்தை கூடும். பெரும்பாலும் ஈஸ்டர் அளவில் தொடங்கிப் புரட்டாதி, ஐப்பசி வரையில் நடைபெறும். கனத்த மழை பெய்தால் வயல் சேறாகிச் சந்தை நின்றுவிடும். விடியலில் விசாரித்தறிந்தே புறப்படுக.

பகலிற் கூடுஞ் சந்தையை நாளங்காடி என்றும், இரவிற் கூடுவதை அல்லங்காடி என்றும் பழந்தமிழர் வழங்கினர். மதுரைக்காஞ்சியில் இரண்டும் பேசப்படுகின்றன. புகார் நகரத்து நாளங்காடி, மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையிலுள்ள வெளியில், மரச்சோலையின் நிழலிலே கூடியதைச் சிலப்பதிகாரத்தாற் காண்கின்றோம். வெட்டவெளியும் காலை நேரமும் ஒத்திருப்பினும் பெரியதொரு வேற்றுமை உண்டு. அங்கு விற்றவர் வணிகர். இங்கு விற்பவர் ஒரு காலைப்பொழுதிற்கு மட்டும் வணிகராக நிற்கும் வீட்டுக்காரர்.

இவ்வேற்றுமையே எம்மவர்க்கு இடராகின்றது. வைத்தியராகவும் கணக்காளராகவும் இருந்து ஓய்வுபெற்றவர் தம் வீட்டுக் கோப்பையைத் தாமே வயலில் நின்று விற்பதா என்று வெட்குகின்றனர். தெரிந்தவர் எவரேனும் கண்டால் 'அவருக்கு என்ன குறை வந்ததோ' என்று ஊர் பேசுமே என அஞ்சுகின்றனர். ஆங்கிலேயர்க்கு அவ்வச்சம் இல்லை. நாம் சென்ற வயலில் அடுத்த வண்டிக்காரர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவர் மகிழ்ச்சியோடு பழைய தோட்டக்கருவிகளை விற்றுக்கொண்டிருந்தார். நம் ஊரிலே போத்தலும் பழைய இரும்பும் வாங்க வருபவரிடம் படலையடியில் நின்று விலை பேசுவதை எவரும் இழிவென்று கொள்வதில்லை. அதுவே சற்றுத் தூரத்தில் நடைபெறுகின்றது என்று கொண்டாற் போதும்.

விற்பனையின் பெரும்பகுதி வீட்டிலேயே நடைபெறுகின்றது என்று சொல்லவேண்டும். எதனை விற்பது, எதனை வைப்பது, எதனை உரியார்க்கு அனுப்புவது என்று பிரித்தறிவதே கடினம். சந்தைக்கு முதல்நாள் இரவு அவசரமாகப் பெட்டியில் அள்ளிப் போடுபவர் இழப்பை அள்ளிப் போடுகின்றார். 1980களில் மேற்கு மிடில்செக்ஸ் வைத்தியசாலை வளவில் நடந்த இத்தகைய சந்தையொன்றில் ஒருவர் 10 பவுண் கொடுத்து ஒரு மோதிரத்தை வாங்கினார். கல் பெரிதாயும் கட்டு அழுக்கேறியும் இருந்தமையின் அதனைப் போலிநகை என்றே எண்ணி, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அன்றாடம் அணிந்துவந்தார். அது 26.27 கரட் எடையுள்ள வைரம். 2017ஆம் ஆண்டு யூன் மாதம் இலண்டன் சொதபி ஏலத்தில் அது 656,750 பவுணுக்கு விலைபோயிற்று. அப்போது பெரிதும் பேசப்பட்டது வாங்கியவரின் நற்பேறே. இக்கட்டுரை விற்பவர்க்காக எழுதப்படுவதாதலின், அப்பத்துப் பவுணை வாங்கிப் பையில் இட்டுக்கொண்டு வீடு திரும்பியவரை நாம் நினைக்கின்றோம்.

நம் வீடுகளில் நகை இருக்கும் இடம் நகைப்பெட்டி மட்டுமன்று. சேலை மடிப்பிலும், அரிசிப்பேணியின் அடியிலும், சுவாமிப்படத்தின் பின்னும் வைத்தவர் வைத்ததை மறந்திருக்கலாம், வைத்தவர் இறந்துமிருக்கலாம். ஆகவே சேலைகளை ஒவ்வொன்றாக விரித்து உதறுக. சட்டைப்பைகளைத் துழாவுக. புத்தகங்களைத் தாள்தாளாகத் தட்டுக. கடிதமும் வங்கிப் பத்திரமும் பிறப்பத்தாட்சியும் அவற்றினிடையே கிடக்கும். பழைய கைத்தொலைபேசி, கணினி முதலியவற்றிலுள்ள படங்களையும் கணக்கு விவரங்களையும் முற்றாக அழித்தபின்னரே அவற்றை விற்கலாம். அழிக்கத் தெரியாதாயின் விற்காதிருத்தல் நன்று.

தமிழ்ப் புத்தகங்களைப்பற்றிச் சற்று விரித்துக் கூறவேண்டும். நாம் பார்த்த வீடொன்றின் மேற்பரணிலே அட்டைப்பெட்டி மூன்று இருந்தன. நாவலர் பதிப்புகள், பஞ்சாங்கங்கள், கோயில் மலர்கள், கல்வெட்டு என்று நாம் வழங்கும் நினைவுமலர்கள், யாழ்ப்பாணத்துச் சிறிய அச்சகங்களில் ஐந்நூறு படிகள் அச்சிட்டு ஊரளவில் வழங்கிய செய்யுள் நூல்கள் ஆகியன அவற்றுள் இருந்தன. அவ்வீட்டுப் பிள்ளைகள் அறிவும் அன்பும் உடையவர். ஆயினும் அவ்வெழுத்தை வாசிக்க அறியார். 'பழைய புத்தகம், ஒன்று ஐம்பது பென்ஸ்' என்று அட்டையில் எழுதிச் சந்தைக்கு ஆயத்தமாக வைத்திருந்தனர். அச்சந்தையில் அவற்றை வாசிக்கக்கூடியவர் ஒருவர் வருவது அரிது. வந்தாலும் அப்பெட்டியை நோக்குவது அதனினும் அரிது. மாலையில் விலைபோகாத தாள் யாவும் குப்பைக்குப் போகும்.

யாழ்ப்பாணப் பொதுநூலகம் 1981ஆம் ஆண்டு எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. அங்கு எரிந்த நூலொன்றின் மறுபடி ஹரோவில் ஒரு மேற்பரணில் இருக்கலாம். அஃது எவ்வீட்டில் இருக்கின்றது என்பதை எவரும் அறியார், அவ்வீட்டாரும் அறியார். ஆதலின் தமிழெழுத்துள்ள தாள் ஒன்றையேனும், வாசிக்க அறிந்த ஒருவர் பார்க்குமுன் விற்கவோ எறியவோ வேண்டா என்று எம் பழைய மாணவரை இரந்து கேட்டுக்கொள்கின்றோம். 2005ஆம் ஆண்டு முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவிற் சேமித்துவரும் நூலகம் நிறுவனத்தார்க்கு அறிவிக்கலாம். எம் கல்லூரியின் பழைய மலர்களோ எனின், கல்லூரி நூலகத்திலேயே அவற்றின் தொகுதி நிறைவாக இல்லை. போர்க்காலத்து இடப்பெயர்வுகளிற் போனவை பல. அட்டை கிழிந்த மலராயினும் அனுப்புக. அம்மூன்று பெட்டிகளுள் இரண்டு இப்பொழுது கல்லூரிக்கு வந்து சேர்ந்துள்ளன; மூன்றாவது பெட்டியிலிருந்தவை ஈரத்தால் ஒட்டுண்டு பிரிக்கமுடியாதனவாயின.

யானைத்தந்தத்தாற் செய்த பொருள்களையும் ஒதுக்கிவைக்கவேண்டும். இலங்கையிலிருந்து சென்ற வீடுகளில் தந்தத்துச் சிறு யானை, பிள்ளையார், காகிதம் வெட்டும் கத்தி முதலியன உள. 2018ஆம் ஆண்டுத் தந்தச் சட்டம் 2022 யூன் 6 முதல் அங்கு நடைமுறைக்கு வந்தபின், சில விலக்குகள் ஒழிய அவற்றை விற்பது குற்றமாகும், தண்டமும் மிகப்பெரிது. வீட்டில் வைத்திருத்தலும் பிள்ளைகளுக்குக் கொடுத்தலும் குற்றமல்ல. குழந்தைகளுக்குரிய மோட்டார் வண்டி இருக்கை, துவிச்சக்கரவண்டித் தலைக்கவசம் ஆகியன விபத்திற் பட்டனவோ என்று வாங்குபவர் அறிய இயலாது. அவற்றை விற்காது விடுக. மருந்து, போலிச்சின்னம் பொறித்த உடுப்பு, களவாகப் படியெடுத்த படத்தட்டு ஆகியவற்றுக்கும் அங்கு இடமில்லை. கத்தி, அரிவாள்களைப் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்க்கு விற்றல் குற்றம். அவற்றை மேசைக்குக் கொண்டுசெல்லாமையே நலம்.

இனிச் சந்தை நாள். மடிக்கத்தக்க நீண்ட மேசை ஒன்று வேண்டும்; சுவர்த்தாள் ஒட்டுவோர் பயன்படுத்தும் மேசை மலிவானது, போதுமானது. நிலத்தில் விரிக்க ஒரு படங்கு, உடுப்புத் தூக்க ஒரு சட்டகம், உடையும் பொருளைச் சுற்றப் பழைய பத்திரிகை, பொருளை இட்டுக்கொடுக்கப் பைகள், குடை, தேநீர் நிறைந்த வெப்பக்குடுவை. தனியே செல்லவேண்டா. மேசையை விட்டு ஓரடி நகர இயலாதாதலின் இருவர் வேண்டும். மூவராயின் ஒருவர் பிறர் மேசைகளைப் பார்த்துவரலாம். (பார்த்துவரச் சென்றவர் நாம் விற்றதைவிட மிகுதியாக வாங்கிக்கொண்டு திரும்பியதும் உண்டு.) சில்லறை மிக வேண்டும். இருபது முப்பது பவுண் அளவிற்கு ஒரு பவுண், ஐம்பது பென்ஸ், இருபது பென்ஸ் நாணயங்களாகக் கொண்டுசெல்க. இடுப்பிற் கட்டும் பையில் வைக்க. தகரப்பெட்டியில் மேசைமேல் வைக்கவேண்டா. பழைய வட்டவடிவான ஒரு பவுண் நாணயம் 2017 ஒக்டோபரிலும், காகிதத்தாலான இருபது, ஐம்பது பவுண் தாள்கள் 2022 செப்ரெம்பரிலும் செல்லாதனவாயின. வயதானவர் பலர் இதனை நினைவில் வைத்திருப்பதில்லை. தரும் தாளை ஒளியிற் பிடித்துப் பார்ப்பதில் நாணவேண்டா. அங்கு எல்லாரும் பார்க்கின்றனர்.

விற்பவர் காலை ஆறு, ஏழு மணிக்கே வயலை அடைவர். வண்டியொன்றுக்கு இவ்வளவு என வாயிலிற் கட்டணம் செலுத்தி, காட்டும் இடத்தில் நிறுத்தவேண்டும். வண்டி நின்று பின்பெட்டி திறக்குமுன்னரே நாலைந்துபேர் சூழ்ந்துகொள்வர். கையில் மின்சூள் இருக்கும். 'பொன் உண்டா, வெள்ளி உண்டா, கைக்கடிகாரம் உண்டா, பழைய இசைத்தட்டு உண்டா' என்று கேட்டுக்கொண்டே பெட்டிக்குள் கைவைப்பர். இவர் வீட்டுத் தேவைக்கு வாங்குவோர் அல்லர். வாங்கி மறுபடி விற்போர். முதன்முறை வந்தவர் கலங்கிப்போய், கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுவது இக்கால்மணி நேரத்திலேதான். அவர் விரைந்து வந்து கேட்பதே அப்பொருளுக்கு மதிப்பு உண்டு என்பதற்குச் சான்று. 'மேசை விரித்தபின் வாருங்கள்' என்று சொல்லிப் பெட்டியை மூடிவிடுக. சென்றவர் திரும்பியும் வருவர்.

விலைகளை முன்னரே மனத்தில் வரைந்துகொள்க. புதிதாக வாங்கிய விலையை மறந்துவிடவேண்டும். அந்நினைவே விற்பனைக்குப் பகை. நன்னிலையிலுள்ள பொருளுக்குப் புதிய விலையிற் பத்திலொன்று கிடைத்தால் திருப்தி கொள்ளலாம் என்பது நாம் அங்கு நின்று கண்ட அளவு. விலைகள் முழு எண்ணாக இருக்கட்டும். தொண்ணூற்றொன்பது பென்ஸ் என்பது கடைக்காரர் தந்திரம், வயலில் அது சில்லறைத் தொல்லை. ஆங்கிலேயர் விலை பேசும் முறை நம் சந்தை முறையன்று. சுன்னாகத்திலோ சாவகச்சேரியிலோ விலையைக் கேட்டு வியந்து, பொருளைப் பழித்து, போவதுபோல் நாலடி நடந்து திரும்புவோம். அவரோ புன்னகையோடு, 'ஒரு பவுண் எடுப்பீர்களா' என்று ஒரே முறை கேட்பர். மறுத்தால் நன்றி கூறி உண்மையாகவே போய்விடுவர், திரும்பார். இதனை அறியாது, திரும்பி வருவார் என்று காத்திருந்து விற்பனையை இழந்த எம்மவர் பலர். ஏற்கத்தக்க விலையாயின் அப்போதே ஏற்றல் வேண்டும். ஆனால் அவ்வயலில் எம் நாட்டு அம்மையார் ஒருவர் வந்து இரண்டு சட்டிகளைக் கையிலெடுத்து, 'தம்பி, ரெண்டுக்கும் சேர்த்து ஒரு பவுண் தாறன், கண்டியோ' என்றபோது, 'கொண்டுபோங்கோ அம்மா' என்பதன்றி எம் நண்பரால் வேறொன்றும் சொல்ல இயன்றிலது. அச்சட்டிக்கு மூன்று பவுண் என்று சற்றுமுன் ஆங்கிலேயர் ஒருவரிடம் உறுதியாக நின்றவர் அவர்.

பத்து மணி அளவிற் கூட்டம் மிகும். நண்பகல் அணுகுங்கால் குறையும். அப்போது விலையைத் தாழ்த்துக. எஞ்சிய சிறுபொருள்களை ஒரு பெட்டியிலிட்டு, எடுப்பது எதுவாயினும் ஐம்பது பென்ஸ் என்று எழுதிவைத்தாற் குழந்தைகள் வந்து கிளறுவர். குழந்தைகளோடு பெற்றோரும் நிற்பர். பெற்றோர் நின்றால் மேசையிலுள்ளதும் விற்கும்.

சட்டம்பற்றி இரண்டு செய்திகள். தம் சொந்தப் பொருளைத் தாமே விற்கும் ஒருவர், கடைக்காரர்க்குரிய எல்லாப் பொறுப்புகளும் உடையவர் அல்லர். ஆயினும் பொய் கூறி விற்கலாகாது. வேலை செய்யாத வானொலியை வேலை செய்யும் என்று விற்றால், வாங்கியவர் பணத்தைத் திருப்பிக் கேட்க உரிமையுடையவர். 'இது செயற்படுமோ என்று தெரியாது' என்று தாளில் எழுதி ஒட்டுவதே நேர்மையும் எளிமையுமாகும். வீட்டுப் பொருளை எப்போதாவது விற்பது வாணிகமாகக் கொள்ளப்படுவதில்லை. விற்பதற்கென்றே வாங்கி விற்கத் தொடங்கினால் அது வாணிகம், வரிக்குரியது. அங்ஙனஞ் செய்பவர்க்கும் ஆண்டுக்கு 1,000 பவுண் வரையிலான மொத்த வரவுக்கு 2017 ஏப்ரல் முதல் விலக்கு உண்டு.

மற்றையது உரிமைபற்றியது. முற்காலத்து இங்கிலாந்திலே, குறித்த சில பொதுச்சந்தைகளிற் பகல்வெளிச்சத்தில் நன்னம்பிக்கையோடு வாங்கியவர்க்கு, அப்பொருள் களவுபோனதாயினும் உரிமை உண்டாகும் என்றொரு விதி இருந்தது. 1994ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது நீக்கப்பட்டது. இன்று தமதல்லாததை விற்பவர் வாங்குவோர்க்கு எவ்வுரிமையும் கொடுக்க இயலாது. கல்லூரி நிதிக்கென்று பல வீடுகளிலிருந்து பொருள் திரட்டுபவர் இதனைக் கருத்தில் வைக்கவேண்டும். மகன் மனமுவந்து கொண்டுவந்து தந்த சிங்கர் தையல் இயந்திரம், கோயிலுக்குச் சென்றிருந்த தாயாருடையதாக இருக்கலாம். நாம் நின்ற மேசைக்கு அங்ஙனம் ஒன்று வந்தது. விலைபோகுமுன் தாயார் தொலைபேசியில் அழைத்தமையால் அது வீடு திரும்பியது.

மாலையில் எஞ்சியவற்றை வயலில் விட்டுவரலாகாது. குப்பையை விட்டுச் செல்வோரை அடுத்தமுறை உள்ளே விடார். நல்ல உடுப்பும் புத்தகமும் அறநிலையக் கடைகள் ஏற்கும். கொடுப்பவர் வருமானவரி செலுத்துபவராயின், அதற்குரிய படிவத்திற் கையொப்பமிட்டாற் பொருள் விற்ற ஒவ்வொரு பவுணுக்கும் அரசிடமிருந்து 25 பென்ஸ் மேலதிகமாக அவ்வறநிலையத்துக்குக் கிடைக்கும். மின்பொருள்களைச் சில கடைகள் ஏலா, முன்னரே கேட்டறிக. குத்துவிளக்கு, செம்பு, தட்டம் முதலிய பித்தளைப் பொருள்கள் சந்தையிற் பெரும்பாலும் நிறை கணக்கிலேயே கேட்கப்படுகின்றன. அவற்றை அவ்விலைக்குக் கொடாது, புதிதாகக் குடிவந்த தமிழ்க் குடும்பத்தார் எவர்க்கேனும் கொடுத்துவிடுமாறு நண்பர்க்குச் சொன்னோம். ரூட்டிங்கில் ஓர் இளந்தம்பதியர் இரண்டு விளக்கையும் எடுத்துச் சென்றனர்.